பளபளப்பு குறையாமல் விரிசல் விடும் எஃகு

என் சித்தப்பா மேல்விஷாரத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்தார். சாயம் ஏற்றும் டிரம்முக்கு வெந்நீர் அனுப்ப அங்கே ஓர் எவர்சில்வர் தொட்டி இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர்தான் அதில் காயும். பாலாற்றுப் படுகையின் அந்தப் பகுதி நீர் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புக் கரிக்கும். ஒருநாள் தொட்டியின் வெல்டிங் ஓரமாக நீர் கசிந்தது. துடைத்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு. துரு இல்லை, தகடும் மெலியவில்லை. வெல்டரை அழைத்துக் கோட்டின் மேலேயே பற்றவைத்தார்கள். சில மாதங்களில் அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு விழுந்தது. அதையும் பற்றவைத்தார்கள். மூன்றாவது கோடு விழுந்ததும் தகட்டின் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட்டார்கள்.

வெட்டிய துண்டைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இரும்பாக இருந்தால் துருப்பிடித்து, பொரிந்து, நமக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும். இது சொல்லாமலே போய்விடுகிறது, பார்" என்றார். அணுக்கழிவை அடைத்துவைக்கும் கலன்களைப் பற்றிப் பிற்பாடு படிக்கத் தொடங்கியபோது, உலோகவியலாளர்களின் முதல் கவலையும் இதுவாகவே இருந்தது.

முதலில், கலனுக்குள் என்ன இருக்கிறது? அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை இந்தியாவில் அப்படியே புதைப்பதில்லை. அமிலத்தில் கரைத்து, மறுபடி பயன்படும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்துக்கொள்கிறார்கள். எஞ்சும் கடுங்கதிரியக்கத் திரவத்தைப் போரோசிலிகேட் கண்ணாடியுடன் சேர்த்து உருக்கி, எவர்சில்வர் கலன்களில் ஊற்றி, மூடியைப் பற்றவைக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்துக் குடுவைகள் செய்யும் கண்ணாடியின் இனம்தான் அது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய இடங்களில் இந்த வேலை நடக்கிறது. அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் எரிபொருள் தண்டுகளை மறுசுழற்சி செய்யாமல் அப்படியே கலனில் அடைப்பதுதான் கொள்கை.

உள்ளே இருப்பது வெறும் குப்பை அல்ல. தானாகவே சூடு தரும் பொருள். அந்தச் சூட்டில் பெரும்பங்கு தரும் சீசியம்-137, ஸ்டிரான்சியம்-90 ஆகியவற்றின் வீரியம் ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. சில நூறு ஆண்டுகளில் அவை அடங்கிவிடும். புளூட்டோனியம்-239 அப்படி இல்லை. அது பாதியாவதற்கே 24,100 ஆண்டுகள் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த வேலூர்க் கோட்டைக்கு இன்னும் ஐந்நூறு வயதுகூட முழுதாக ஆகவில்லை என்பதை நினைத்துக்கொண்டால், உலோகத்திடம் நாம் எவ்வளவு பெரிய வேலையை ஒப்படைக்கிறோம் என்பது விளங்கும்.

எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரும்பும் குரோமியமும் சேர்ந்த கலப்பு உலோகம். பெரும்பாலான வகைகளில் நிக்கலும் உண்டு. பட்டறையில் 'த்ரீ நாட் ஃபோர்' என்று கேட்டு வாங்கும் 304 வகையில் குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. காற்று பட்டவுடன் குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலமாகிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர்கள்தான். தலைமுடியின் தடிப்பை இருபதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு அதற்குச் சமமாகலாம். எவர்சில்வரின் காவல் முழுவதும் அந்தப் படலம்தான். கத்தியால் கீறினாலும் கீறிய இடத்தில் அது நொடியில் மறுபடி உருவாகிவிடும். இரும்பின் துரு பொலபொலவென உதிர்ந்து அடுத்த அடுக்குக்கு வழிவிடும்; குரோமியத்தின் 'துரு' ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும்.

நம் பக்கத்தில் குரோமியத்தைத் தெரியாதவர்கள் இல்லை. தோலை நீலநிறமாக்கிப் பதப்படுத்துவது அதன் உப்புதான். ராணிப்பேட்டையில் எப்போதோ மூடப்பட்ட ஆலை ஒன்று விட்டுப்போன குரோமியக் கழிவுக் குவியல், மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சளாகக் கசிந்து நிலத்தடி நீரில் இறங்கிய கதையும் நமக்குத் தெரியும். எஃகின் மேல் காவலாக நிற்கும் அதே தனிமம், வேறொரு வேதி வடிவில் குடிநீரில் கலந்தால் புற்றுநோய் தரும். கழிவு அதை உண்டாக்கிய ஆலையைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதை இந்த வட்டாரம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, குடித்துத் தெரிந்துகொண்டது. அணுக்கழிவுக் கலனைப் பற்றி இங்கிருந்து எழுத எனக்கு இருக்கும் காரணமும் அதுதான்.

அந்தப் படலத்துக்குப் பகை குளோரைடு, அதாவது உப்பு. உப்பை எவர்சில்வர் டப்பாவில் போட என் அம்மா விடமாட்டார். உப்புக்கு மரவை, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. தெரியாமல் எவர்சில்வர் தூக்கில் சில வாரம் உப்பு கிடந்துவிட்டால், கழுவிய பிறகு அடியில் ஊசியால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். தூக்கின் மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம். இதைக் குழி அரிப்பு என்கிறார்கள். தகடு முழுவதும் சமமாகத் தேய்வதாக இருந்தால் கணக்குப் போடுவது எளிது: ஆண்டுக்கு இவ்வளவு தேய்கிறது, ஆயிரம் ஆண்டுக்கு இவ்வளவு தேயும், அதற்கேற்பத் தடிப்பாகச் செய்துகொள்ளலாம். குழி அந்தக் கணக்குக்குள் அடங்காது. தகட்டில் தொண்ணூற்றொன்பது பங்கு புதிது போலவே இருக்க, ஒரே புள்ளி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

குழியைவிட மோசமானது இடுக்கு. டிபன் டப்பாவின் மடித்த விளிம்பு, போல்ட் தலைக்கும் வாஷருக்கும் நடுவிலுள்ள சந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு தகடுகளின் இடைவெளி ஆகியவற்றில் உப்பு நீர் புகுந்துவிட்டால் வெளியே வராது. உள்ளே இருந்த ஆக்சிஜன் முதலில் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. உலோகம் கரைந்து நேர்மின் அயனிகள் சேர, அவற்றைச் சமன்செய்ய வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. உலோக அயனி நீருடன் வினைபுரிந்து அமிலத்தைப் பிறப்பிக்கிறது. அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது. அது இன்னும் அமிலத்தைப் பிறப்பிக்கிறது. வெளியே நடுநிலையான நீர் நிற்கும்போதே சந்துக்குள் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையான புளிப்பு ஏறிவிடலாம்.

தோல் ஆலையின் டிரம்கள் மரத்தால் ஆனவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோலை உருட்டும் இடத்தில் உலோகத்தைவிட மரமே தாங்கும் என்று அவற்றைச் செய்த தச்சர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

இனி சித்தப்பாவின் தொட்டிக்கு வருகிறேன். அதில் நடந்தது வெறும் குழியும் இல்லை, இடுக்கும் இல்லை. அதன் பெயர் தகைவு அரிப்பு விரிசல். அது நிகழ மூன்று வேண்டும்: விரிசலுக்கு இடம்கொடுக்கும் உலோகம், அதற்கு ஒவ்வாத சூழல், உலோகத்துக்குள் ஓர் இழுவிசை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் வராது. இழுவிசை என்றதும் யாரோ வெளியிலிருந்து இழுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆலையில் ஈரத்தோலைச் சட்டத்தில் நாலாபுறமும் இழுத்துக் கவ்விகளால் பிடித்து உலர்த்துவார்கள். பார்ப்பதற்குத் தோல் அசையாமல் கிடக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கத்திவெட்டு இருந்தால் போதும், அங்கிருந்து கிழிசல் ஓடும். வெல்டிங் செய்த எஃகும் அப்படித்தான். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. பக்கத்திலுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை. இந்த இழுபறி வெல்டிங் ஓரத்தில் நிரந்தரமாக உறைந்துவிடுகிறது. வெந்நீரின் சூடும் உப்பும் சேர்ந்தால், ஒரு குழியின் அடியில் விரிசல் முளைத்து மரத்தின் வேர் போலக் கிளைவிட்டுப் பரவும். விரிசலின் மேலேயே மறுபடி பற்றவைத்தபோது, பழைய இழுவிசைக்குப் பக்கத்தில் புது இழுவிசையைக் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி கோடு விழுந்தது அதனால்தான்.

வெல்டிங்கில் இன்னொரு கேடும் உண்டு. எஃகை ஏறத்தாழ 500 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் சற்று நேரம் வைத்தால், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத் துகள்களின் எல்லைக்கோடுகளில் படிகிறது. எல்லையை ஒட்டிய இடம் குரோமியம் இழந்து காவலற்றுப் போகிறது. அரிப்பு அந்த எல்லைகளின் வழியே நடந்துபோகும். கார்பனை 0.03 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் 304எல், 316எல் வகைகள் இதற்காகவே வந்தவை. 'எல்' எழுத்துக்காகக் கடையில் கூடுதல் விலை கேட்கும்போது முகம் சுளிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விரிசல்களின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே படைகளின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் காரணமின்றி விரிசல் விட்டன. அவற்றைக் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்காலத்து ஈரம், உறையை அழுத்தி வடித்தபோது அதில் தங்கிய இழுவிசை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்ததே காரணம் என்று 1921-இல் விளக்கம் வெளியானது. மழைக்காலத்தில் வருவதால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். தீர்வு எளிமையாகவே இருந்தது. வடித்த பிறகு உறையை மிதமாகச் சூடுபடுத்தி இழுவிசையைத் தளர்த்தினால் போதும்.

எல்லா நேரமும் இப்படித் தோட்டா உறையோடு போகாது. 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கியவை எவர்சில்வர் கம்பிகள். குளத்து நீரில் போட்ட குளோரினின் சேர்மங்கள் காற்று வழியே அவற்றின் மேல் படிந்து உள்ளுக்குள் விரிசலை வளர்த்திருந்தன. கட்டிடத்துக்கு அப்போது வயது பதின்மூன்று.

அணுக்கழிவுக்கு இது எங்கே பொருந்துகிறது? அமெரிக்காவில் எரிந்த எரிபொருளைப் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை சென்டிமீட்டர் தடிப்புள்ள எவர்சில்வர் கலன்களில் பற்றவைத்து மூடி, கான்கிரீட் கூட்டுக்குள் வைக்கிறார்கள். சூடு வெளியேற அந்தக் கூட்டில் காற்றுத் துளைகள் உண்டு. கடற்கரையில் இருக்கும் நிலையங்களில் காற்றோடு உப்புத்தூசியும் உள்ளே வரும். கலன் கொதிக்கும் சூட்டில் இருக்கும்வரை அந்த உப்பு காய்ந்த தூளாகக் கிடக்கும், அதனால் கேடில்லை. ஆண்டுகள் போகப்போகக் கலன் ஆறும். ஆற ஆற, மழைநாளில் சமையலறை உப்பு நீர்விட்டுக்கொள்வது போல, கலன் மேலுள்ள உப்பும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே கரைந்துவிடும். கழிவின் சூடு தணிவது நல்ல செய்திதான் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உலோகத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஆபத்துக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. கடலோரக் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், கடற்காற்றில் எவர்சில்வர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருவதில் வியப்பில்லை.

வெளியிலிருந்து மட்டும் அல்ல, உள்ளிருந்தும் சிக்கல் வரலாம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழிவை அடைக்கும் கண்ணாடியையும் எவர்சில்வரையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, 90 டிகிரி உப்புக் கரைசலில் முப்பது நாள் ஊறவைத்தார்கள். தனித்தனியே வைத்தால் நன்றாகத் தாங்கும் இரண்டும், ஒட்டியிருந்த இடத்தில் வேகமாக அரித்துப்போயின. முன்பு சொன்ன இடுக்குதான் காரணம்: சந்தில் எஃகு கரைந்து அமிலம் பிறக்கிறது, அந்த அமிலம் கண்ணாடியைத் தாக்குகிறது. அது ஆய்வகத்தில் வேண்டுமென்றே கடுமையாக்கிய சூழல். புதைக்கும் இடத்தில் நீர் புகுந்தால்தான் இந்தப் பேச்சே எழும். ஆனாலும் கண்ணாடிக்குத் தனியாக, எஃகுக்குத் தனியாகச் சோதனை நடத்திவிட்டு இரண்டின் ஆயுளையும் கூட்டிச் சொல்வது சரியான கணக்கு அல்ல என்பதை அது காட்டிவிட்டது.

அப்படியானால் எந்த உலோகத்தை நம்புவது? நாடுகள் வெவ்வேறு விடை சொல்கின்றன. அமெரிக்கா நெவாடாவின் யக்கா மலையில் புதைக்கத் திட்டமிட்டபோது, நிக்கலில் ஏறத்தாழ 22 விழுக்காடு குரோமியமும் 13 விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்த 'அலாய் 22' என்ற விலையுயர்ந்த உலோகத்தைத் தேர்ந்தார்கள். மாலிப்டினம் குளோரைடை எதிர்த்து நிற்க உதவும். 2 சென்டிமீட்டர் அலாய் 22 வெளியே, 5 சென்டிமீட்டர் எவர்சில்வர் உள்ளே, மேலிருந்து சொட்டும் நீரைத் தடுக்க டைட்டானியக் கூரை என்பது வடிவமைப்பு. அரசியல் எதிர்ப்பால் திட்டம் 2010-ஐ ஒட்டி நின்றுபோனது; அங்கே ஒரு கலனும் வைக்கப்படவில்லை.

சுவீடனும் பின்லாந்தும் செம்பைத் தேர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கூட்டுக்குள், எடையைத் தாங்க வார்ப்பிரும்பு. அதைச் சுற்றி நீர்பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பெண்டனைட் களிமண். எல்லாம் நிலத்துக்கு அடியில் நானூறு மீட்டருக்கும் மேலான ஆழத்தில், கருங்கல் பாறைக்குள். எவர்சில்வர் போல மெல்லிய படலத்தை நம்பி நிற்பதில்லை செம்பு. ஆக்சிஜன் இல்லாத ஆழத்து நீரில் அதற்கு அரிக்கும் நாட்டமே மிகக் குறைவு.

செம்பு மண்ணில் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குச் சான்று தேட வட ஆற்காட்டுக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். அரக்கோணத்துக்கு அருகே வேலூர்ப்பாளையத்தில் கிடைத்த மூன்றாம் நந்திவர்மனின் செப்பேடுகள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டு கடந்தும் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. சுவீடனிலும் இப்படித்தான், 1676-இல் மூழ்கிய குரோனான் என்ற போர்க்கப்பலின் செம்பு மிகுந்த வெண்கலப் பீரங்கியைக் கடலடிக் களிமண்ணிலிருந்து எடுத்து, செம்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். ஆனால் இந்தச் சான்றுகளை அளவோடுதான் நம்ப வேண்டும். நம் கைக்கு வந்திருப்பவை பிழைத்த செப்பேடுகள் மட்டுமே. ஈர மண்ணில் களிம்பேறிக் கரைந்துபோனவை எத்தனை என்று எந்த அருங்காட்சியகமும் சொல்லாது.

செம்போடு களிம்பு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் ஓர் உவமை சொல்வார்கள். ஆழத்தில் செம்புக்கு வரும் களிம்பு பச்சையாக இருக்காது, கறுப்பாக இருக்கும். சில நுண்ணுயிரிகள் நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். சல்பைடு செம்பை ஆக்சிஜன் இல்லாமலேயே தாக்கும். பெண்டனைட் களிமண் அந்த உயிரிகளையும் சல்பைடின் நடமாட்டத்தையும் மட்டுப்படுத்துவதற்காகவே இருக்கிறது. இன்னொரு கவலை, பாறையின் அழுத்தத்தில் செம்பு மெதுவாக நெகிழ்ந்து, ஒரு கட்டத்தில் பிளந்துவிடுமோ என்பது. அதற்காகச் செம்பில் மிகச் சிறிய அளவு பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். இவற்றையெல்லாம் முன்வைத்து ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் சிலர் பல ஆண்டுகள் வாதிட்டார்கள். 2018-இல் சுவீடனின் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செப்புக் கலனைப் பற்றி இன்னும் சான்று வேண்டும் என்று அரசிடம் சொன்னது. கூடுதல் ஆய்வுகளைப் பரிசீலித்த பின் 2022-இல்தான் அரசு அனுமதி கொடுத்தது. ஒரு நீதிமன்றம் உலோகத்தின் அரிப்பைப் பற்றி வரிவரியாகக் கேள்வி கேட்டு, பொதுமக்கள் முன்னிலையில் விடை வாங்கியது எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. ராணிப்பேட்டையில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவில் ஆழ்நிலக் கிடங்கு இன்னும் கட்டப்படவில்லை. கண்ணாடி நிரப்பிய கலன்கள் காற்றால் குளிரும் இடைக்காலக் கிடங்குகளில் இருக்கின்றன. ஆனால் ஆழ்பாறை சூட்டைத் தாங்குவது எப்படி என்று அறியும் சோதனை ஒன்று 1980-களில் நமக்கு வெகு அருகே நடந்தது. வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புக்குப் போன கோலார் தங்கவயலில், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கைவிடப்பட்ட சுரங்க அறையில், கழிவுக்குப் பதிலாக மின்சூடாக்கிகளை வைத்துப் பாறையின் வெப்பத்தையும் அசைவையும் அளந்தார்கள்.

கலனில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ராணிப்பேட்டைப் பட்டறைகளில் கொதிகலன் பாகங்களைப் பற்றவைத்த பிறகு செய்யும் சோதனை ஒன்று உண்டு. வெல்டிங்கின் மேல் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிடுவார்கள். பிறகு வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும். கழிவு நிரப்பிய கலனுக்கு அருகே மனிதர் போய் இப்படிச் சாயம் பூச முடியாது. அதனால் கலனுக்கும் கான்கிரீட் கூட்டுக்கும் நடுவிலுள்ள சில சென்டிமீட்டர் சந்தில் ஊர்ந்துபோகும் சிறு ரோபோக்களை உருவாக்கிவருகிறார்கள். கேமராவும் உணர்கருவிகளும் தாங்கிய அவை முதலில் தேடிப்போகும் இடம் வெல்டிங் ஓரம், அதிலும் உப்புத்தூசி படியும் மேற்பகுதி.